மொறிஸ் மைனர் 1958: பெயின்ற் முடிஞ்ச பிறகு கரண்ட் பிழைகள். சோக் கேபிள் சுடுது, பிரேக் அமத்தினால் லைற் அணையுது

கொக்குவில் மைனர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின்ர 1958 மொறிஸ் மைனர் 1000, 948 சிசி, நாலு கதவு. கன வருசம் கொட்டிலுக்க நிண்ட கார். துருப்பிடிச்ச இடமெல்லாம் வெட்டித் தகடு ஒட்டி, பொடியை (காரின்ர உடம்பை) வெறும் இரும்பாக்கி, பிறைமர் அடிச்சு, பழைய நிறத்திலேயே பெயின்ற்றும் அடிச்சு முடிச்சாச்சு. எஞ்சின் வேலையும் முடிஞ்சு நல்லா ஓடுது. அப்பா இதில ஏறி நல்லூருக்குப் போகவேணும் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். கரண்ட் பிழைகள்தான் விடுகுதில்லை.

ஸ்ராற்றர் குமிழியை இழுத்தால் எஞ்சின் களைச்சுப்போய்ச் சுத்துது. திரும்பத் திரும்ப இழுத்தால் சோக் கேபிள் (குளிர்ந்த எஞ்சினை ஸ்ராற் பண்ண இழுக்கிற கம்பி) கை வைக்க ஏலாத சூடு. பற்றறி புதுசு, 12.6 வோல்ற் காட்டுது.

பாக் லைற் (பார்க்கிங் லைற்) போட்டுக்கொண்டு பிரேக் அமத்தினால் இடது பின் லைற் பிரகாசமா வாறதுக்குப் பதிலா முழுசா அணைஞ்சு போகுது. காலை எடுத்தால் திரும்ப எரியுது. வலது பக்கம் ஒரு பிழையும் இல்லை.

ஹெட் லைற் போட்டவுடன டாஷ்போட்டில சிவப்பு சார்ஜ் லைற் மங்கலா எரியுது. எஞ்சினை வேகமா முறுக்கினாலும் போகேல்லை. ஹெட் லைற்றை அணைச்சால் அதுவும் அணையுது. பெற்றோல் மீற்றர் ஊசி எப்பவும் முழு ராங்க் எண்டே காட்டுது.

ரெண்டு இடத்தில காட்டினன். ஒருத்தர் டைனமோவும் (கரண்ட் உண்டாக்கிறது) றெகுலேற்றரும் (அதின்ர வோல்ற்றைக் கட்டுப்படுத்திற பெட்டி) பழுதாப் போட்டுது, மாத்தவேணும் எண்டார். மற்றவர் வயறிங் முழுக்க இழுத்தெறிஞ்சு புதுசா அடிக்கச் சொல்லுறார். நான் மீற்றரை ஓம்ஸில (தடை அளக்கிற இடத்தில) வைச்சு எர்த் (கரண்ட் பொடியால பற்றறிக்குத் திரும்பிற தொடுப்பு) எல்லாம் பாத்தன். எல்லா இடமும் 0.3, 0.4 எண்டு நல்லாத்தான் காட்டுது. எதைப் பிடிச்சுத் தொடங்கிறது? அனுபவமுள்ளவை சொல்லுங்கோ.


வவுனியா ஏ40 எழுதியது:

தம்பி, என்ர ஒஸ்ரினில நான் செய்ததைச் சொல்லுறன். டைனமோவைக் கழட்டி வைச்சிட்டு ஒரு சின்ன ஜப்பான் ஒல்ற்றநேற்றர் (புதுக் கார்களில டைனமோவுக்குப் பதிலா வாறது) போட்டன். எர்த்தையும் நெகற்றிவுக்கு மாத்தினன். சந்தியில நிண்டாலும் லைற் மங்காது. ஃபோன் சார்ஜ் பண்ணலாம், றேடியோ பூட்டலாம். பழைய டைனமோவுக்குப் பிரஷ் தேடி அலையிற வேலையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஓடுற கார் எண்டால் இதைத்தான் சொல்லுவன்.


சாவகச்சேரி வயறிங் எழுதியது:

தம்பி கொக்குவில், இப்போதைக்கு ஒண்டும் வாங்காதையும். டைனமோவையும் தொடாதையும். நீர் எழுதின நாலு பிழையில மூண்டு ஒரே குடும்பம். புது பெயின்ற்தான் காரணம் எண்டு எனக்குப் படுது. அதுக்கு முதல் ஒரு அவசரமான விசயம். சோக் கேபிள் சுடுறதைச் சரிசெய்யாமல் இனி ஒருக்காவும் ஸ்ராற்றரை இழுக்காதையும். அந்தக் கேபிள் போய் முடியிற இடம் காபரேற்றர். பெற்றோல் நிக்கிற இடத்தில சிவக்கச் சுட்ட கம்பி இருக்கக் கூடாது. இப்பிடிப் புகைஞ்ச கார் நான் கண்டிருக்கிறன்.

ஏன் சுடுது எண்டு சொல்லுறன். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் றப்பர் மவுண்டில இருக்கு. றப்பர் கரண்ட் விடாது. அதனாலதான் எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில பின்னல் செம்புப் பட்டி ஒண்டு பூட்டியிருக்கும். எர்த் ஸ்ராப் எண்டு சொல்லுறது. மைனரில அதைக் கீழ, கியர்ப்பெட்டிப் பக்கம் தேடும். ஸ்ராற்றர் சுத்தேக்க 100 அம்பியருக்கு மேல இழுக்கும். அவ்வளவும் அந்தப் பட்டியாலதான் பற்றறிக்குத் திரும்பவேணும். பட்டி இல்லையெண்டால், அல்லது பெயின்ற்றுக்கு மேல பூட்டிக் கிடந்தால், வாய்க்கால் அடைபட்ட தண்ணி வரம்பை உடைச்சுப் போறது போல கரண்ட் கிடைச்ச வழியால போகும். எஞ்சினையும் டாஷ்போட்டையும் இரும்பால தொடுத்து வைச்சிருக்கிறது சோக் கேபிள். அதுதான் சுடுது.

இனி உம்மட ஓம்ஸ் கணக்கு. உதை நம்பாதையும். 0.3 எண்டு காட்டினால் அதில பாதி உம்மட மீற்றர் வயரின்ர தடையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்ராற்றர் வழியில 0.03 ஓம் இருந்தாலே 100 அம்பியருக்கு 3 வோல்ற் அங்கேயே போயிடும். அந்த 0.03 ஐ உம்மட மீற்றர் காட்டவே காட்டாது. வயருக்குள்ள நரம்பெல்லாம் அறுந்து ஒண்டே ஒண்டு மிஞ்சிக் கிடந்தாலும் ஓம்ஸில நல்ல வயர்தான். லைற்றைக் கொழுவினால்தான் அதின்ர குணம் தெரியும். ஆகவே வேலை செய்யேக்க அளக்கவேணும். கரண்ட் ஓடேக்க எந்த இடத்தில வோல்ற் விழுது எண்டு பாக்கிறதுதான் பழைய காருக்கு ஒரே வழி. எத்தினையோ நல்ல டைனமோவை ஆக்கள் கழட்டி இரும்புக்குப் போட்டிட்டினம், இந்த ஒரு அளவை எடுக்காததால. எனக்கு அது பெரிய கவலை.

செய்யவேண்டியது இது. உம்மட கார் பொசிற்றிவ் எர்த். பற்றறியின்ர பிளஸ்தான் பொடிக்குப் போகுது. அதை ஒருக்கா வடிவாப் பாத்து உறுதிப்படுத்தும். மீற்றரை டிசி வோல்ற்றில வைச்சு, ஒரு முனையைப் பற்றறியின்ர பிளஸ் கம்பத்திலேயே குத்தும். கிளிப்பில குத்தாதையும், கம்பத்தில. மற்ற முனையை எஞ்சின் புளொக்கில வெறும் இரும்பு தெரியிற இடத்தில வையும். இன்னொரு ஆளை வைச்சு ஒரு செக்கன் மட்டும் ஸ்ராற்றரை இழுப்பியும். அளவுக்காக அந்த ஒரு இழுவை போதும், அதுக்கும் கையில ஈரச்சாக்கு வைச்சுக்கொண்டு நில்லும். கால் வோல்ற்றுக்குள்ள நிண்டால் நல்ல எர்த். அதுக்கு மேல எண்டால் பட்டியைத் தேடி, ரெண்டு முனையிலயும் பெயின்ற்றை வெள்ளை இரும்பு வரும்வரை எமரியால சுரண்டி, பல்லு வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கின பிறகு மேலால வஸ்லின் பூசும். எங்கட உப்புக் காத்துக்கு அது கட்டாயம்.

பின் லைற். இடது லைற்றுக்கு எர்த் இல்லை. ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கு. ஒண்டு பாக் லைற், மற்றது பிரேக். லைற்றின்ர கோது (பல்பு இருக்கிற கூடு) எர்த் இல்லாமல் தொங்கினால் பாக் லைற் கரண்ட் தன்ர பிரேக் இழையால ஏறி, மற்றப் பக்கத்துப் பிரேக் இழையால எர்த்துக்குப் போயிடும். அதனால பாக் லைற் எரியிற மாதிரித்தான் தெரியும். பிரேக்கை அமத்தினால் ரெண்டு பக்கமும் ஒரே வோல்ற். ஓட வழியில்லை, அணைஞ்சு போகும். பிரேக்கை அமத்தி வைச்சுக்கொண்டு லைற் கோதிலயிருந்து பற்றறி பிளஸ் கம்பத்துக்கு அளந்து பாரும். கிட்டத்தட்ட 12 காட்டினால் நான் சொன்னது சரி.

பெற்றோல் மீற்றரும் அந்தச் சாதிதான். ராங்க் யுனிற்றுக்குப் போற வயர் அறுந்தாலோ ராங்க் பொடியில எர்த் ஆகாட்டிலோ இந்த மாதிரி மீற்றர் முழுசு எண்டு காட்டும். ராங்க்கையும் பெயின்ற் பண்ணித்தானே பூட்டியிருப்பீர்?

சார்ஜ் லைற் கொஞ்சம் வேற கதை. அந்தச் சின்ன பல்பின்ர ஒரு காலுக்குச் சாவிச் சுவிச்சிலயிருந்து வெள்ளை வயர் வருது. மற்றக் கால் டைனமோவின்ர டி முனையில. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ற் எண்டால் எரியாது. டைனமோ சார்ஜ் பண்ணேக்க அப்பிடித்தான் இருக்கவேணும். உம்மட காரில டைனமோ உழைக்குது, ஆனால் அது அனுப்புற வோல்ற் சுவிச்சுக்குப் போய்ச் சேரேல்லை. வழியில எங்கயோ விழுது. ஹெட் லைற் போட்டால் மட்டும் வருதெண்டால் ஹெட் லைற்றும் சாவியும் பங்கு போடுற வயரிலதான் பிழை. றெகுலேற்றர் பெட்டியின்ர ஏ1 முனையிலயிருந்து லைற் சுவிச்சுக்குப் போற மண்ணிற வயர் அது. எஞ்சினை ஓட்டி, ஹெட் லைற் போட்டு, அந்தப் பெட்டியின்ர டி முனைக்கும் ஏ முனைக்கும் நடுவில அளவும். பிறகு ஏ1 முனைக்கும் லைற் சுவிச்சின்ர வாற பக்கத்துக்கும் அளவும். எதில கூட விழுதோ அங்க பிழை. கவனம், மீற்றர் வயரின்ர முனை வழுக்கிப் பொடியில முட்டக் கூடாது. இந்தக் காரில ரெண்டே ரெண்டு பியூஸ், 35 அம்பியர். ஹெட் லைற்றுக்கும் இந்த மண்ணிற வயர்களுக்கும் பியூஸே இல்லை. முட்டினால் வயர்தான் எரியும்.

வவுனியாத் தம்பி சொன்னதில பிழை இல்லை. நாள் முழுக்க ஓடுற காருக்கு ஒல்ற்றநேற்றர் வசதி. ஆனால் இந்தப் பிழைகளை வைச்சுக்கொண்டு அதைப் பூட்டினால் கூடின கரண்ட் அதே கெட்ட வயராலதான் போகும். முதல் பிழையைப் பிடிக்கவேணும். பிறகு என்ன பூட்டுறது எண்டு யோசிக்கலாம். உம்மட அப்பாவுக்கு டைனமோ போதும். அது 19 அம்பியர் தரும். ஹெட் லைற் ரெண்டும் சேர்ந்து 7, பாக் லைற்றுகள் 2, காயிலும் பெற்றோல் பம்பும் 5 எண்டு வைச்சாலும் மிச்சம் இருக்கு. 100/90 வாற் ஹலோஜன் பல்பு பூட்டினால்தான் கணக்கு உடையும். அது ரெண்டும் தனிய 16 அம்பியருக்கு மேல தின்னும்.


ஹரோ மைனர் எழுதியது:

ஐயா சொன்னதோட ரெண்டு விசயம் சேர்க்கிறன். நான் இங்க லண்டனில 1960 மைனர் ஒண்டு வைச்சிருக்கிறன். ஏ1 இலயிருந்து சுவிச்சுக்குப் போற வயர் லூக்காஸ் (இந்தக் கார்களின்ர கரண்ட் சாமான் செய்த கொம்பனி) நிறப்படி மண்ணிறத்தில நீலக் கோடு. துணிப் பின்னல் போட்ட வயரில நிறம் மங்கி எல்லாம் சாணி நிறமாத்தான் தெரியும். கிளிப்புக்குள்ள, ரேப் சுத்தின இடத்துக்கு உள்ள பாத்தால் பழைய நிறம் தப்பியிருக்கும். வெள்ளை வயர் சாவிக்குப் பிறகு வாறது, பியூஸ் இல்லாதது. பச்சை வயர் சாவிக்கும் பியூஸுக்கும் பிறகு வாறது. நீலம் ஹெட் லைற். சிவப்பு பாக் லைற். கறுப்பு எர்த். இவ்வளவும் மனசில இருந்தால் காரில பாதி வாசிச்ச மாதிரி.

மற்றது காயில். இப்ப விக்கிற காயிலில பிளஸ், மைனஸ் எண்டு அடிச்சிருக்கும். பொசிற்றிவ் எர்த் காரில மைனஸ் முனைக்குத்தான் வெள்ளை வயர் வரவேணும். பிளஸ் முனை டிஸ்ரிபியூற்றருக்கு. மாறிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆனால் பொறி பலவீனம். எஞ்சின் வேலை செய்தவை புதுக் காயில் போட்டிருந்தால் பாருங்கோ தம்பி. துணிப் பின்னலோட முழு வயறிங் செற்றும் இங்க செய்து விக்கினம், நிறங்கள் சரியா இருக்கும். ஆனால் ஐயா சொன்ன அளவுகளை எடுக்காமல் காசைச் செலவழிக்காதைங்கோ.


கொக்குவில் மைனர் எழுதியது:

ஐயா, அளந்தன். சாவியைத் திருப்பி ஒரு செக்கன் இழுக்க எஞ்சின் புளொக்குக்கும் பற்றறிக் கம்பத்துக்கும் நடுவில 4.2 வோல்ற். நம்பேலாமல் திரும்பக் காருக்குக் கீழ படுத்தன். பட்டி இருக்கு. பெயின்ற் அடிச்ச கறுப்புக் குறுக்குச் சட்டத்துக்கு மேல புது போல்ற்றால வடிவாப் பூட்டியிருக்கு. போல்ற்றுக்குக் கீழயும் பெயின்ற், ஓட்டைக்குள்ளயும் பெயின்ற். சுரண்டிப் பூட்டின பிறகு 0.15. எஞ்சின் இப்ப சுத்திற சத்தமே வேற. சோக் கேபிள் குளிர்ந்துபோய்க் கிடக்கு.

இடது லைற் கோதில பிரேக் அமத்தி அளக்க 11.8. கோதுக்குக் கீழ சுரண்டினன், சரியாப் போச்சு. வலது பக்கத்தில ஒரு ஸ்குரூ பெயின்ற்றை வெட்டிக்கொண்டு இறங்கினதாலதான் அது தப்பியிருக்கு. அதையும் கழட்டிச் சுரண்டினன். காயிலில வெள்ளை வயர் மைனஸுக்குத்தான் வந்திருக்கு, அது சரி.

சார்ஜ் லைற் இன்னும் மங்கலா எரியுது. டி-க்கும் ஏ-க்கும் 0.1. ஏ1-க்கும் லைற் சுவிச்சுக்கும் 1.3 வோல்ற்! இது கூடத்தானே? அந்த வயர் டாஷ்போட்டுக்குப் பின்னால ஒரு தடிச்ச ரேப் கட்டுக்குள்ள போகுது.


சாவகச்சேரி வயறிங் எழுதியது:

ஓம், கூட. அந்த வயரில ஓடுற 12 அம்பியருக்கு அது 0.1 ஓம். 15 வாற்றுக்குக் கிட்ட அந்த ஒரு இடத்தில சூடாப் போகுது. பாக் லைற் பல்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல சூடு ஒரு துணிக் கட்டுக்குள்ள. ரேப்பைப் பிரியும். ஆனால் முதல் பற்றறி வயரைக் கழட்டும்.

உள்ள என்ன இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். உங்கட வயசுக்காரருக்கு இது விளங்குமோ தெரியாது. 90களில யுத்த நேரம் இஞ்ச பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. பொருளாதாரத் தடை. இந்த மைனரும் ஒஸ்ரின் சொமசெற்றும் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராற் பண்ணுறதுக்கு மட்டும் காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம். ஒரு முழம் நல்ல வயர் வேணுமெண்டால் இன்னொரு செத்த காரில இருந்துதான் எடுக்கவேணும். அந்தக் காலத்தில கிடைச்ச வயரை முறுக்கி, கிடைச்ச ரேப்பைச் சுத்தித்தான் நோயாளியளை ஏத்தி இறக்கினம். அந்த முறுக்கு அந்த நேரத்துக்குச் சரியான வேலை. அதைச் செய்த மனிசனைக் குறை சொல்லாதையும். இவ்வளவு காலம் இந்தக் கார் இருக்கிறதுக்கு அந்த முறுக்கும் ஒரு காரணம்.

ஆனால் இப்ப அதை அப்பிடியே விடேலாது. முறுக்கைப் பிரிச்சால் செம்பு கறுத்துப்போய் இருக்கும். கறுத்த செம்பில ஈயம் ஒட்டாது. பளபளப்பா வாற இடம்வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டி, அதே தடிப்பில புது வயர்த் துண்டு வைச்சு, ஈயம் வைச்சு ஒட்டி, சூட்டில சுருங்கிற குழாய் போடும். ஒட்டின இடம் ஆடாமல் கட்டவும் வேணும், ஆடினால் ஈயத்தின்ர ஓரத்தில நரம்பு அறும். ஏ1 முனையின்ர ஸ்குரூவையும் கழட்டிப் பாரும்.


கொக்குவில் மைனர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது அப்பிடியே. ரேப்புக்குள்ள இன்னொரு ரேப். அதுக்குள்ள மெல்லிய வெள்ளை வயர் ஒண்டை மண்ணிற வயரோட முறுக்கியிருக்கு. சுத்தியிருந்த துணி கருகிப் பிடிச்சால் உதிருது. வெட்டி ஒட்டியாச்சு. ஏ1 ஸ்குரூவுக்குக் கீழயும் அரைவாசி நரம்பு அறுந்துதான் கிடந்தது. இப்ப அதே அளவு 0.1. ஹெட் லைற் போட்டாலும் சிவப்பு லைற் வரேல்லை. ஹெட் லைற்றின்ர வெளிச்சமும் கூடியிருக்கு.

அப்பாவிட்டைக் கேட்டன். அந்த வயரை முறுக்கினது அவரின்ர சிநேகிதர் எண்டு சொன்னார், பேரும் சொன்னார். இப்ப அவர் உயிரோட இல்லை. அந்தத் துண்டை எறியாமல் எடுத்து வைக்கச் சொன்னார்.

ரெண்டு கேள்வி. றெகுலேற்றரைத் திறந்து ஏதும் பாக்கவேணுமோ? சந்தியில நிக்கேக்க சிவப்பு லைற் கொஞ்சம் மினுங்கிறது பிழையோ?


சாவகச்சேரி வயறிங் எழுதியது:

சந்தியில மினுங்கிறது பிழை இல்லை. எஞ்சின் மெல்லமா ஓடேக்க டைனமோ சார்ஜ் பண்ணாது, கட்டவுட் (டைனமோவைப் பற்றறியிலயிருந்து பிரிக்கிற சுவிச்சு) விட்டிடும். கொஞ்சம் முறுக்கினவுடன போனால் சரி.

றெகுலேற்றரின்ர மூடியைத் திறந்து ஸ்குரூக்களைத் திருகாதையும். சோதிக்கத்தான் வேணுமெண்டால் ஏ, ஏ1 முனை ரெண்டிலயும் உள்ள வயர்களைக் கழட்டி ஒண்டோட ஒண்டு சேர்த்து, பொடியில முட்டாமல் ரேப் சுத்தி வையும். பிறகு டி முனைக்கும் எர்த்துக்கும் மீற்றரை வைச்சு எஞ்சினை மெல்ல மெல்ல முறுக்கும். ஊசி ஏறி ஒரு இடத்தில நிக்கும். எங்கட வெக்கைக்கு, 30 பாகைக்கு, 15.9 இலயிருந்து 16.5 வரைக்கும் நிண்டால் அது நல்ல பெட்டி. 14 அல்லவோ வேணும் எண்டு பயப்பிடாதையும். இது பற்றறி தொடுப்பில்லாமல் எடுக்கிற அளவு. அரை நிமிசத்துக்குள்ள முடியும், சுருள் சூடானால் அளவு மாறும். ஊசி மீற்றர் இருந்தால் அதைப் பாவியும். டிஜிற்றல் மீற்றரில இலக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும்.

டைனமோவின்ர பின்மூடி நடுவில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுக்குள்ள எஞ்சின் ஒயில் ரெண்டு மூண்டு துளி விடும், கூட விட்டால் பிரஷ்ஷில ஏறும். பெல்ற் நடுவில விரலால அமத்த அரை அங்குலம் போகவேணும்.

பெற்றோல் மீற்றரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. ராங்க் போல்ற் ஒண்டுக்குக் கீழ சுரண்டிப் பாரும். அதுக்கும் சரிவராட்டில் ராங்க் யுனிற்றில இருக்கிற வயரைக் கழட்டி, சாவி போட்டு, ஒரு கணம் பொடியில தொட்டுப் பாரும். அதுக்கு முதல் டிக்கியைத் திறந்து காத்துப் போக விடும், பெற்றோல் மணம் இருக்கேக்க தொடாதையும். ஊசி வெறுமைக்கு விழுந்தால் வயரும் மீற்றரும் நல்லம், பிழை ராங்க் யுனிற்றில. விழாட்டில் வயரைத் தேடும்.


கொக்குவில் மைனர் எழுதியது:

போல்ற்றுக்குக் கீழ சுரண்டினது போதும் ஐயா. ஊசி கால் ராங்க்குக்கு இறங்கிட்டுது, உள்ள இருக்கிற பெற்றோலும் அவ்வளவுதான்.